மஞ்சள் தாளில் ஒரு நாளிதழ்
(பிரான்சிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றன் வரலாறு)

பத்திரிகையின் தொழில் நிகழ்ந்ததை எழுதுதல். நிகழ்ச்சியைத் தானே நடத்தி, அதனைத் தானே எழுதி, அவ்வெழுத்தைத் தானே விற்றுப் பிழைத்தல் எந்தப் பத்திரிகைக்கும் இடர் தரும் காரியமாகும். ஆயினும் அவ்வாறு செய்தே உலகப் புகழ் எய்திய விளையாட்டு நாளிதழொன்று பிரான்சு நாட்டிலே தோன்றியது. 1900ஆம் ஆண்டில் ‘லோட்டோ வேலோ’ என்னும் பெயருடன் பிறந்து, 1903இல் ‘லோட்டோ’ எனப் பெயர் சுருங்கி, 1944இல் மூடப்பட்டு, 1946இல் ‘லெக்கிப்’ என்னும் வழித்தோன்றலை விட்டுச் சென்ற அப்பத்திரிகையின் கதையில் அரசியற் பிளவும், வணிகப் பகையும், இரு பெரும் போர்களும், துவிச்சக்கரவண்டியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

துவிச்சக்கரவண்டியின் அருமையை வன்னி மக்களுக்கு எடுத்துக் கூறவேண்டுவதில்லை. 1990களில் எரிபொருள் வன்னிக்கு வாராது தடைப்பட்டிருந்த காலத்தில், நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் அதன்மேலேயே ஏறிச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சிய நாட்டுப்புறத்தானுக்கும் அஃது அத்தகையதொரு விடுதலைக் கருவியாகவே வாய்த்தது. 1885இல் இங்கிலாந்திலே ஸ்ராளி என்பார் இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவினவாகிய ‘றோவர்’ வண்டியைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த றப்பர் வளையத்தைக் கண்டார். 1891இல் மிச்சலின் சகோதரர் அவ்வளையத்தைக் கழற்றி மாட்டத்தக்கதாக ஆக்கினர். இவை மூன்றும் கூடியபோது, குதிரை வாங்க வகையற்ற தொழிலாளியும் ஒரு நாளில் நூறு கிலோமீற்றர் செல்லத்தக்கவனானான்.

அதே காலத்தில் வேறு இரு மாற்றங்களும் நிகழ்ந்தன. 1881ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரிகைகளுக்கு முன்னொருபோதும் இல்லாத சுதந்திரத்தை அளித்தது. அவ்வாண்டிலும் அதனையடுத்த ஆண்டிலும் இயற்றப்பட்ட கல்விச் சட்டங்கள் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வியை நாடெங்கும் பரப்பின. எழுத்தறிந்த ஏழை ஒருவனும், அவன் ஏறிச் செல்லும் வண்டி ஒன்றும், ஐந்து சதப் பத்திரிகை ஒன்றும் ஒருங்கு சேர்ந்தவிடத்து விளையாட்டுப் பத்திரிகை தோன்றியமை வியப்பன்று.

முதலிற் சிறந்து விளங்கியது ‘லெ வேலோ’ என்னும் நாளிதழ். பியேர் ஜிபார் என்னும் பத்திரிகையாளர் 1892இல் அதனைத் தொடங்கினார். பச்சைத் தாளில் அச்சிடப்பட்டமையால் தெருவிலே தொலைவிலிருந்து பார்ப்போரும் அதனை அடையாளங் கண்டனர். ஜிபார் புதுமை விரும்பி. அதற்கு முந்திய ஆண்டில், வேறொரு பத்திரிகையிற் பணியாற்றியபோது, பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ற் துறைமுகத்துக்குச் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர்ப் பந்தயத்தை அவர் நடத்திக் காட்டியிருந்தார். பத்திரிகை பந்தயத்தை நடத்தினால் பந்தயம் பத்திரிகையை நடத்தும் என்னும் உண்மையை முதலில் உணர்ந்தோருள் அவரும் ஒருவர். பின்னர் அவ்வுண்மையே அவருக்கு எதிராகத் திரும்பியது.

ஜிபாரின் வீழ்ச்சிக்குக் காரணம் விளையாட்டன்று, அரசியல். யூதகுலத்தவரான டிறைபஸ் என்னும் இராணுவ அதிகாரி, செருமனிக்கு உளவு கூறினார் என்று 1894இற் பொய்க்குற்றஞ் சாட்டப்பெற்றுத் தீவாந்தர தண்டனை அடைந்தார். உண்மையான குற்றவாளி வேறொருவன் என்பது தெரிந்த பின்னரும் இராணுவத் தலைமை தன் பிழையை ஒப்புக்கொள்ள மறுத்தது. 1898 சனவரி 13ஆந் தேதி எழுத்தாளர் எமில் சோலா, நாட்டின் தலைவருக்கு முகவரியிட்டு வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தின் பின்னர், பிரான்சு இரண்டாகப் பிளந்தது. ஒரே வீட்டில் தந்தையும் மைந்தனும் பேச்சொழிந்து இருந்தனர் என்பர். விளையாட்டுப் பத்திரிகை இதில் வாய் திறவாதிருந்திருக்கலாம். ஜிபார் அவ்வாறு இருக்க ஒருப்படவில்லை. டிறைபஸ் குற்றமற்றவர் என்னும் கட்சியை அவர் வெளிப்படையாகவே ஆதரித்தார்.

அவருடைய பத்திரிகையில் விளம்பரஞ் செய்த பெருஞ்செல்வரோ பெரும்பாலும் எதிர்க்கட்சியினர். அவர்களுள் முதல்வர் மோட்டார் வண்டி உற்பத்தியாளராகிய டெ டியோன் பிரபு. 1899 யூன் 4ஆந் தேதி பாரிஸ் புறத்தேயுள்ள ஓதேய் குதிரைப்பந்தயத் திடலிலே, புதிய சனாதிபதி லூபே அமர்ந்திருந்தபோது, டிறைபஸின் எதிரிகள் கலகம் விளைத்தனர். பிரபு ஒருவர் சனாதிபதியின் தொப்பியைக் கைத்தடியால் அடித்தார். அக்கலகத்திலே பங்குகொண்ட டெ டியோனும் பிடிபட்டுப் பதினைந்து நாட் சிறைத்தண்டனை பெற்றார். ஜிபார் இச்செயலைக் கண்டித்து எழுதவே, டெ டியோன் வெகுண்டு தம் விளம்பரங்களை மீட்டுக்கொண்டார். துவிச்சக்கரவண்டி உற்பத்தியாளர் கிளெமான், றப்பர் வளைய உற்பத்தியாளர் மிச்சலின் ஆகியோரும் அவருடன் சேர்ந்தனர். ‘லெ வேலோ’வின் விளம்பரக் கட்டணம் மிகுதி என்ற மனக்குறை அவர்களுக்கு முன்னரே இருந்தது. கொள்கைப் பகையும் காசுப் பகையும் ஒரே பக்கத்தில் நிற்குமிடத்து எது முன்னது எது பின்னது என்று பிரித்தறிதல் எளிதன்று.

இவர்கள் கூடி ஏற்படுத்திய எதிர்ப் பத்திரிகையே ‘லோட்டோ வேலோ’. 1900 ஒக்ரோபர் 16ஆந் தேதி முதலிதழ் வெளிவந்தது. பகைவன் பச்சைத் தாள் கொண்டமையால் இவர்கள் மஞ்சள் தாள் கொண்டனர். ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் ஆன்றி டெக்ராஞ். 1865இற் பிறந்த இவர் முதலில் வழக்கறிஞர் நிலையமொன்றில் எழுதுவினைஞராக இருந்தார். முழங்காலுக்குக் கீழே காலுறையின்றித் துவிச்சக்கரவண்டி ஓட்டிய இவரைக் கண்டு கட்சிக்காரர் ஒருவர் முறையிட, இவர் வேலையை விட்டு விளையாட்டைத் தெரிந்துகொண்டார் என்றொரு கதை வழங்குகின்றது. 1893 மே 11இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீற்றர் ஓடி, முறைப்படி பதிவு செய்யப்பட்ட முதலாவது ஒருமணிச் சாதனையை நிறுவியவர் இவரே. உடலை வருத்துவதிற் பெரும் பற்றுடையவர். பிறர் உடலை வருத்துவதிலும் அப்பற்று இவருக்கு இருந்தமையைப் பின்னர்க் காணலாம்.

புதுப் பத்திரிகை எதிர்பார்த்தவாறு விலைபோகவில்லை. ‘லெ வேலோ’ எண்பதினாயிரம் பிரதிகள் விற்றபோது இஃது இருபத்தையாயிரத்தளவில் நின்றது. போதாக்குறைக்கு, ‘வேலோ’ என்னும் சொல்லைத் தம் பெயரிலிருந்து திருடினர் என்று ஜிபார் தொடுத்த வழக்கும் இவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. 1903 சனவரி 16 முதல் பத்திரிகையின் பெயர் வெறும் ‘லோட்டோ’ என்றாயிற்று. துவிச்சக்கரவண்டிப் பிரியர்களை வாசகராகக் கொண்ட பத்திரிகை தன் பெயரிலிருந்த துவிச்சக்கரவண்டியை இழந்து மோட்டார் வண்டியை மட்டுமே வைத்துக்கொள்ள நேர்ந்தது பெரிய இழப்பு.

இவ்விழப்பு வருமுன்னரே மாற்றுவழி தேடப்பட்டது. 1902 நவம்பர் 20ஆந் தேதி டெக்ராஞ், ‘லெ வேலோ’விலிருந்து தம்மிடம் வந்துசேர்ந்த ஜெயோ லெபேவ்ர் என்னும் இளைஞரை உடன்கூட்டிக்கொண்டு பாரிஸ் நகர உணவகம் ஒன்றுக்குச் சென்றார். ஓட்டரங்குகளில் நடைபெறும் ஆறு நாட் பந்தயங்களைப் போல, நாடு முழுவதையும் சுற்றிவரும் பந்தயம் ஒன்று வைத்தால் என்ன என்று அவ்விளைஞர் கேட்டார். டெக்ராஞ் ஐயுற்றார். பணப்பொறுப்பாளராகிய விக்தோர் கொடேயோ பெட்டியைத் திறக்க உடன்பட்டார். சனவரி 19இல் அறிவித்தல் வெளிவந்தது. முதலில் நுழைவுக்கட்டணம் 20 பிராங் என்று வைத்து ஐந்து வாரப் பந்தயம் என்று விளம்பியபோது பதினைந்து பேரளவினரே முன்வந்தனர். கட்டணத்தைப் பாதியாக்கி, நாட்களைக் குறைத்து, நாளொன்றுக்கு ஐந்து பிராங் படியும் தருவதாகக் கூறிய பின்னரே அறுபதின்மர் சேர்ந்தனர்.

1903 யூலை 1ஆந் தேதி மொன்செரோன் கிராமத்துத் தேநீர்க்கடை வாயிலிலிருந்து அவர்கள் புறப்பட்டனர். ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீற்றர். பாரிஸ் தொடங்கி லியோன் வரையான முதற்கட்டம் மாத்திரம் 467 கிலோமீற்றர். ஒப்புநோக்கின், கொழும்பிலிருந்து கண்டிவீதி வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்த ஒருவன் இன்னும் எழுபது கிலோமீற்றர் ஓடவேண்டும், அதுவும் இரவு பகலாக. ஆங்காங்கே புகையிரதம் ஏறியும் ஆங்காங்கே தாமே வண்டி ஓட்டியும் லெபேவ்ர் பின்தொடர்ந்தார். அவரே நடுவர், அவரே நேரக்கணிப்பாளர், அவரே நிருபர். இம்மூன்று பதவியும் ஒருவரிடம் சேர்ந்திருந்ததை அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை. 19ஆந் தேதி பந்தயம் முடிந்தபோது எஞ்சியிருந்தோர் இருபத்தொருவர். வென்றவர் மொரிஸ் காரன். இத்தாலிய மலைப்புறத்திற் பிறந்து புகைபோக்கி துப்புரவு செய்யும் தொழிலில் வளர்ந்தவர். அடுத்தவருக்கும் அவருக்கும் இடையிலிருந்த வேற்றுமை ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

பத்திரிகையின் விற்பனை இருபத்தையாயிரத்திலிருந்து அறுபத்தையாயிரமாயிற்று. பந்தய முடிவை அறிவித்த சிறப்பிதழ் ஓர் இலட்சத்து முப்பதினாயிரம் பிரதிகள் விற்றது. அடுத்த ஆண்டில் ‘லெ வேலோ’ மூடப்பட்டது.

இவ்வெற்றியின் உட்காரணம் ஆராயத்தக்கது. உதைபந்தாட்டத்தைப் பார்க்கச் செல்பவன் திடலின் ஓரத்தில் நின்று தொடக்கமுதல் முடிவுவரை காண்கிறான். மறுநாட் பத்திரிகை அவனுக்கு அறிந்ததையே மீண்டும் கூறுகிறது. வீதிப் பந்தயத்தைப் பார்க்க நிற்பவனோ அரைமணி நேரம் காத்து நின்று, புழுதிக்கிடையே சில நொடிகள் மட்டும் சிலரைக் காண்கிறான். யார் முந்தினார், யார் விழுந்தார், அடுத்த ஊரில் என்ன நிகழ்ந்தது என்பன அவனுக்குத் தெரியா. தான் கண்ணாற் கண்ட நிகழ்ச்சியை அறிந்துகொள்வதற்கே அவன் பத்திரிகை வாங்கவேண்டியிருந்தது. மேலும் ஒவ்வொரு நாட் செய்தியும் முடிவுறாத நிலையிலே நின்றது. தமிழ்நாட்டில் 1950 முதல் ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வெளிவந்த காலத்திற் ‘கல்கி’ இதழுக்காக வாசகர் காத்திருந்த காத்திருப்பை அறிந்தோர், இதன் வலிமையை நன்கு உணர்வர். வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத அக்காலத்தில், நாட்டைச் சுற்றிவரும் ஒரு தொடர்கதையை டெக்ராஞ் அச்சேற்றினார். கதையில் வருவோர் மட்டும் மெய்ம்மாந்தர்.

மெய்ம்மாந்தராதலின் அவர்கள் ஆசிரியரின் சொற்படி நடக்கவில்லை. 1904ஆம் ஆண்டுப் பந்தயத்தில் தத்தம் ஊர்வீரனை முந்தவிடும்பொருட்டு, இரவிலே வழிமறித்து மற்றையோரைத் தடிகொண்டு தாக்கினர் ஊரவர். வீதியில் ஆணிகளைத் தூவினர். ஓட்டவீரருட் சிலர் புகையிரதத்தில் ஏறிச் சென்றனர் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. ஆண்டிறுதியிலே விசாரணை நடத்திய துவிச்சக்கரவண்டிச் சங்கம், காரன் உட்பட முதல் நால்வரையும் நீக்கிப் பத்தொன்பது வயதினரான கோர்னே என்பவரை வெற்றியாளராக அறிவித்தது. இவ்விசாரணையை நடத்தியது பத்திரிகையன்று என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. டெக்ராஞ் மனமுடைந்து, பந்தயம் இனி இல்லை என்றே எழுதினார். ஆனால் விற்பனைக் கணக்கு வேறுவிதமாகக் கூறியது போலும். அடுத்த ஆண்டும் பந்தயம் நடந்தது.

1910இற் பந்தயம் பிரெனீசு மலைத்தொடருக்குள் நுழைந்தது. வழியை முன்சென்று பார்க்க அனுப்பப்பட்ட ஸ்ரைனெஸ் என்னும் நிருபர், தூர்மலே கணவாயில் மோட்டார் வண்டி பனியிற் புதைய, இருளில் நடந்து வழிதவறி, உயிர் தப்பியதே அரிதாயிற்று. மறுநாள் அவர் அலுவலகத்துக்கு அனுப்பிய தந்தியோ, கணவாயைக் கடந்தாயிற்று, பாதை நன்று, வண்டி ஓட்டலாம் என்னும் கருத்தினதாக இருந்தது. பத்திரிகை வரலாற்றில் இதனினுந் துணிந்த பொய் அரிது. அவ்வாண்டு அம்மலைகளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிய லப்பீஸ், பந்தய அதிகாரிகளைப் பார்த்துக் கொலைகாரர் என்று வைதார். அவரே வெற்றியும் பெற்றார்.

1913இல் அதே கணவாயில் நிகழ்ந்ததொன்று துவிச்சக்கரவண்டியை வாழ்க்கைத் துணையாகக் கொண்டோர் எவர் நெஞ்சையும் தொடும். இயூஜின் கிறிஸ்தோப் என்பார் முன்னணியில் நின்றார். இறக்கத்திலே வண்டியின் முன்கவை முறிந்தது. ஓட்டவீரன் தன் வண்டியைத் தானே திருத்தவேண்டும், பிறர் கை படலாகாது என்பது டெக்ராஞ் வகுத்த விதி. வண்டியைத் தோளிற் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து அவர் மலையடிவாரத்துக் கிராமமொன்றை அடைந்தார். அங்கே கொல்லன் பட்டறை ஒன்று இருந்தது. கொல்லன் உதவலாகாது, சொல்லால் வழிகாட்டலாம். அதிகாரிகள் சுற்றி நின்று பார்க்க, கிறிஸ்தோப் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையை ஒட்டினார். இரு கையும் வேலையில் இருந்தமையால் துருத்தியை ஊத ஒரு சிறுவனை அழைத்தார். அச்சிறுவன் துருத்தி ஊதியது பிறர் உதவி எனக் கொள்ளப்பட்டு அவருக்குப் பத்து நிமிடத் தண்டம் விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டதாம். மணிக்கணக்காகப் பின்தங்கிவிட்ட ஒருவருக்கு இந்தத் தண்டத்தால் வந்த நட்டம் ஒன்றுமில்லை. விதியை வகுத்தவருக்கு மட்டும், மறுநாள் எழுத நல்லதொரு கதை கிடைத்தது.

முதலாம் உலகப்போர் மூண்டபோது பத்திரிகை போர்முரசாயிற்று. 1914 ஆகத்து 3ஆந் தேதி டெக்ராஞ் எழுதிய தலையங்கம், செருமானியர்மீது வசைமாரி பொழிந்து இளைஞரைப் போருக்கு அழைத்தது. 1917இல் ஐம்பத்திரண்டு வயதில் அவரும் சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்தார் என்பதை மறைத்தல் நீதியாகாது. ஆயினும் அவர் அழைத்த இளைஞருட் பலர் மீளவில்லை. பந்தயத்தை வென்ற மூவர், பாபேர், லப்பீஸ், பெத்தி பிரெத்தோன் என்போர், 1915க்கும் 1917க்கும் இடையே மாண்டனர்.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919 யூனில், குண்டுகள் குதறிய வீதிகளிற் பந்தயம் மீண்டும் தொடங்கியது. அறுபத்தேழு பேர் புறப்பட்டுப் பதினொருவரே மீண்டனர். முன்னணியில் நிற்பவரை மக்கள் இனங்காணும்பொருட்டு மஞ்சள் நிறச் சட்டை அணிவிக்கும் வழக்கம் அவ்வாண்டிலே பிறந்தது. பத்திரிகைத் தாளின் நிறமே அந்நிறம். அதனை முதலில் அணிந்தவர் முற்கூறிய கிறிஸ்தோப். அவ்வாண்டும் இறுதிக்கு அணித்தாக அவருடைய வண்டியின் முன்கவை முறிந்தது.

நிகழ்ச்சியை நடத்தும் பத்திரிகை அந்நிகழ்ச்சியைப்பற்றி உண்மை கூறவியலுமா என்னும் வினா 1924இற் கூர்மையடைந்தது. முந்திய ஆண்டின் வெற்றியாளரான ஆன்றி பெலிசியே, உடுத்திருந்த சட்டைகளின் எண்ணிக்கைபற்றி அதிகாரி ஒருவர் ஆராய்ந்தமையால் வெகுண்டு, தம்பியுடனும் இன்னொரு வீரருடனும் பந்தயத்தை விட்டு விலகினார். அன்று அவர்களைத் தேடிச் சென்று கூத்தான்ஸ் என்னும் ஊரின் உணவுக்கடையிற் சந்தித்தவர், வேறொரு பத்திரிகையின் நிருபரான அல்பேர் லோந்திரே. தென்னமெரிக்கப் பிரான்சிய குடியேற்றத்தின் கைதிமுகாங்களைச் சென்று பார்த்து உலகறிய எழுதியவர் அவர். வீரர்கள் தம் பைகளைத் திறந்து, கண்ணுக்கிடும் கொக்கெயினையும், ஈறுக்குத் தடவும் மருந்தையும், குளிகைகளையும் மேசைமீது பரப்பிக் காட்டினர். உடல் நோவால் இரவில் உறக்கமின்மையையும், கால்நகங்கள் கழன்று விழுவதையும் கூறினர். இவை அவருடைய பத்திரிகையில் வெளிவந்தபோது நாடு திடுக்கிட்டது. பெலிசியே நிருபரைச் சற்றே ஏய்த்தார் என்று கூறுவாருமுளர். அவ்வாறே ஆயினும், இருபதாண்டுக் காலம் வீரர்களுடன் ஊர் ஊராகச் சென்ற மஞ்சட் பத்திரிகை எழுதாத ஒன்றை, புதிதாக வந்த ஒருவர் சில நாட்களில் எழுதினார் என்பது எஞ்சி நிற்கும் உண்மை.

விற்பனை இதனாற் குன்றவில்லை. 1908இல் இரண்டரை இலட்சமாக இருந்தது, 1933ஆம் ஆண்டுப் பந்தயகாலத்தில் நாளொன்றுக்கு எட்டரை இலட்சத்தை எட்டியது. இத்தாலியிலே ‘கசெற்றா டெல்லோ ஸ்போர்ட்’ என்னும் பத்திரிகை இம்முறையைப் பின்பற்றி 1909இல் அந்நாட்டைச் சுற்றும் பந்தயத்தை ஏற்படுத்தியது. 1896இற் பிறந்த அப்பத்திரிகை 1899 முதல் இளஞ்சிவப்புத் தாளில் வருவது. 1931 முதல் அப்பந்தயத்தின் தலைச்சட்டையும் இளஞ்சிவப்பே.

1940 ஆகத்து 16ஆந் தேதி டெக்ராஞ் காலமானார். பிரான்சு செருமானியர் வசமாகி இரு மாதமே சென்றிருந்தது. அவருக்குப்பின் பொறுப்பேற்றவர், பழைய பணப்பொறுப்பாளரின் மகனாகிய ஜாக் கொடே. செருமானியர் வற்புறுத்தியும் அவர் பந்தயத்தை நடத்த மறுத்தார். பத்திரிகையின் அச்சகத் தொழிலாளர் எதிர்ப்பியக்கத்தின் பிரசுரங்களை மறைவில் அச்சிட்டனர் என்பர். ஆயினும் பத்திரிகை தொடர்ந்து வெளிவந்தது. அதன் பங்குகள் செருமானியர் சார்பானோர் கைக்கு மாறின. இக்காலத்தின் மிகக் கறைபடிந்த நிகழ்ச்சி வேறொன்று. டெக்ராஞ் ஏற்படுத்திய குளிர்கால ஓட்டரங்கு ஒன்று பாரிஸ் நகரில் இருந்தது. கொடேயே அதனை நிருவகித்தார். 1942 யூலை 16, 17ஆந் தேதிகளிற் பிரான்சியப் பொலிசார் பாரிஸ் யூதர்கள் 13,152 பேரைப் பிடித்தனர். பிடிபட்டோருள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறுவர். குடும்பத்துடன் பிடிபட்ட ஏறத்தாழ எண்ணாயிரம்பேர் அந்த ஓட்டரங்கினுள் அடைக்கப்பட்டனர். நீரும் உணவும் போதாமல், வெக்கையிலே நாட்கணக்காகக் கிடந்து, பின்னர்ப் புகையிரதமேற்றி மரணமுகாங்களுக்கு அனுப்பப்பட்டனர். மீண்டோர் மிகச் சிலர். யூதர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஆதரித்தோர் தொடங்கிய பத்திரிகையின் ஓட்டரங்கு, நாற்பத்திரண்டு ஆண்டின் பின்னர் இவ்வாறு பயன்பட்டது. அவ்வரங்கு 1959இல் இடிக்கப்பட்டது. பிரான்சிய அரசின் பொறுப்பை அந்நாட்டுச் சனாதிபதி ஒருவர் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள 1995 வரை செல்லவேண்டியதாயிற்று.

1944 ஆகத்தில் பாரிஸ் விடுதலையடைந்தபோது, பகைவர் ஆட்சியில் வெளிவந்த ஏனைப் பத்திரிகைகளோடு ‘லோட்டோ’வும் மூடப்பட்டது. 1946 பெப்ரவரி 28இற் கொடே ‘லெக்கிப்’ பத்திரிகையை வெளியிட்டார். மஞ்சள் தாள் விலக்கப்பட்டது; வெள்ளைத் தாளிலேயே அஃது அச்சாயிற்று. 1947இற் பந்தயம் மீண்டும் வந்தது. புதுப் பத்திரிகை பழைய வித்தையையும் மறக்கவில்லை. 1954 டிசம்பரில் ‘வூல்வ்ஸ்’ என்னும் ஆங்கிலக் கழகம் அங்கேரியின் ‘ஒன்வெட்’ கழகத்தை 3–2 என வென்றபோது, ஆங்கிலப் பத்திரிகைகள் அதனை உலகின் தலைசிறந்த கழகமெனப் புகழ்ந்தன. ‘லெக்கிப்’பின் உதைபந்தாட்ட எழுத்தாளர் கபிரியேல் அனோ, அதனை மெய்ப்பிக்க ஐரோப்பியக் கழகங்களிடையே போட்டி ஒன்று வைத்துப் பார்க்கலாமே என்று எழுதினார். 1955இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி தொடங்கியது. 1956இல் முதலாவது இறுதியாட்டம் பாரிஸ் நகரிலேயே நடந்து, ‘றேயல் மட்றிட்’ வென்றது. இப்போட்டி பின்னர்ச் சங்கத்தின் கைக்குச் சென்றமையால், பத்திரிகை அதனை வெளியே நின்று எழுத இயன்றது.

இத்தகைய நாளிதழொன்று தமிழர் வாழும் நாடுகளில் வேரூன்றவில்லை. சென்னையில் ‘த இந்து’ நிறுவனம் 1947 முதல் 1968 வரை ‘ஸ்போர்ட் அன்ட் பாஸ்ரைம்’ என்னும் வாரச் சஞ்சிகையையும், 1978 முதல் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ என்னும் சஞ்சிகையையும் வெளியிட்டது, இரண்டும் ஆங்கிலம். இலங்கையில் ‘வீரகேசரி’யும் (1930) ‘தினகரன்’உம் (1932), யாழ்ப்பாணத்தின் ‘ஈழநாடு’ம் (1959) விளையாட்டுக்கு இடமளித்தன, தனி நாளிதழாக அன்று. யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டத்தை எந்தப் பத்திரிகையும் உண்டாக்கவில்லை, பள்ளிக்கூடங்களே உண்டாக்கின. இங்கே விளையாட்டின் தலைவாயில் பாடசாலையாக இருந்தமையும், விளம்பரஞ் செய்யத்தக்க வண்டி உற்பத்தித் தொழில் இன்மையும் முதற்காரணங்கள் எனலாம்.

1960களில் ‘லெக்கிப்’ அமோரி என்பாரின் நிறுவனத்துக்கு உரித்தாயிற்று. பந்தயமும் அதே குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்கு வந்தது. ஆசிரியபீடம் வேறு, பந்தய அலுவலகம் வேறு என்று பிரிந்தன, முதலாளி ஒருவரே. 1998இற் பிரான்சு உலகக் கிண்ணத்தை வென்ற மறுநாள் பத்திரிகை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. அதுகாறும் பயிற்றுநர் ஜக்கேயைப் பத்திரிகை கடுமையாகத் தாக்கி வந்தமையால், வெற்றி நாளிலும் தாம் அதனை மன்னிக்கப்போவதில்லை என்றார் அவர். உதைபந்தாட்டத்தில் இத்துணைக் கடுமை காட்டிய பத்திரிகை, தன் முதலாளியின் பந்தயத்திலும் அதனைக் காட்டுமா என்பதே எஞ்சிய வினா. அதே யூலையில் ‘பெஸ்ரினா’ அணியின் பணியாள் ஒருவர், வண்டி நிறைய ஊக்கமருந்துடன் எல்லையிற் பிடிபட்டிருந்தார்.

விடை 2005இற் கிடைத்தது. அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்றோங் 1999 முதல் தொடர்ந்து ஏழுமுறை பந்தயத்தை வென்று, அவ்வாண்டு யூலையில் ஓய்வுபெற்றார். ஒரு மாதங் கழித்து, ஆகத்து 23ஆந் தேதி, ‘லெக்கிப்’ அவர் பொய்யர் என்று முதற்பக்கத்தில் எழுதியது. 1999இல் எடுத்துவைத்த சிறுநீர் மாதிரிகளை ஆய்வுகூடமொன்று ஆராய்ச்சிக்காகப் பின்னர்ச் சோதித்திருந்தது. இலக்கமிட்ட அப்பெறுபேறுகளையும், பெயருடன் கூடிய படிவங்களையும் தமியன் றெசியோ என்னும் நிருபர் பொறுமையுடன் ஒப்பிட்டு, ஆறு மாதிரிகள் ஆம்ஸ்ட்றோங்கினுடையவை என நிறுவினார். அவர் மறுத்தார், பகையென்றார். பத்திரிகை தன் கூற்றிலிருந்து பின்வாங்கவில்லை. 2012 ஒக்ரோபரில் உலகத் துவிச்சக்கரவண்டிச் சங்கம் அவருடைய ஏழு வெற்றிகளையும் நீக்கியது. அடுத்த ஆண்டு சனவரியில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1904இல் முதல்வரை நீக்கியபோது ஐந்தாமவரான கோர்னேக்கு வெற்றி வழங்கப்பட்டது. இம்முறை அவ்வாறு வழங்கத்தக்க ஒருவரைத் தெரியச் சங்கம் முன்வரவில்லை. பந்தயத்தின் பட்டியலில் 1999 தொடங்கி 2005 வரையான ஏழு ஆண்டுகளுக்கும் எதிரே வெற்றியாளர் பெயர் இல்லை.